சூப்பர்வைசருக்குக் கால் மாத்திரை

நேத்து சாயங்காலம் நம்ம குரூப்புல ஒருத்தி கேட்டிருந்தா: "ஏண்டி, பூனைக்கு மாத்திரை குடுக்கிறது எப்படி? மூணு நாளா எங்க வீடு போர்க்களமாக் கெடக்கு." கூடவே கையை போட்டோ எடுத்துப் போட்டிருந்தா. முழங்கை வரைக்கும் கீறல். அதுக்குக் கீழ நீங்க எல்லாரும் வரிசையாச் சிரிக்கிற பொம்மை போட்டீங்க. ஒருத்தியாவது வழி சொன்னீங்களா? மூட்டுவலிக்கு என்ன எண்ணெய்னு கேட்டா மட்டும் முப்பது பேரு முந்திக்கிட்டு வருவீங்க.

வழி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நேத்து வாயைத் திறக்கலை. ஏன்னா அந்த வழியைச் சொன்னா, ஆறாங்கிளாஸ்ல நான் மொட்டைத் தலையோட பள்ளிக்கூடத்துக்கு வந்த கதையையும் சொல்லியாகணும். அந்த மொட்டைக்கு நீங்க கை தட்டினீங்க, ஞாபகம் இருக்கா? அசெம்பிளியில, பனி கொட்டுற காலையில, கையுறை போட்ட பிள்ளைக கூட அதைக் கழட்டி வச்சுட்டுத் தட்டுச்சுக. அந்தக் கைதட்டு எனக்குச் சேர வேண்டியது இல்லை. அம்பது வருஷத்துக்கு மேல வயித்துக்குள்ளயே வச்சிருந்தேன். இனிமே வச்சிருந்து என்ன பண்ணப் போறேன், சொல்லிடுறேன்.

எங்க பேக்கரி உங்களுக்குத் தெரியும். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏரிக்கு எறங்குற ரோட்டுல பச்சைக் கதவு. முன்னாடி கடை, நடுவுல அடுப்பு, பின்னாடி வீடு. அடுப்புச் சுவரும் எங்க வீட்டுச் சுவரும் ஒண்ணுதான். அந்தச் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு படிச்சவளுக உங்கள்ல எத்தனை பேரு! படிக்கவா வந்தீங்க? சூடுக்கு வந்தீங்க, கேக்கு ஓரத்துக்கு வந்தீங்க. அப்பா பெரிய கேக்கை நாலு பக்கமும் நேரா வெட்டும்போது விழுற ஓரம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுல சேரும். மூடியில மயில் படம் போட்ட டின்னு. அது இப்ப எங்க இருக்கோ. யூகலிப்டஸ் விறகுப் புகையும், புளிச்ச மாவு வாசமும், சாராயத்துல ஊறுற திராட்சை வாசமும் எங்க யூனிபாரம் வரைக்கும் ஏறியிருக்கும். உங்க வீட்டு நாய் கூட என்னை மோந்து பார்த்துட்டு வாலாட்டும்.

அந்தப் பேக்கரியில அப்பாவுக்கு அடுத்த அதிகாரம் ஒரு பூனைக்குத்தான். மேல ரஸ்க் நிறம், வயிறு வெள்ளை, ஒரு காது ஓரத்துல கிழிசல். மைதா மூட்டை அடுக்கி வச்ச அறையைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சுத்தி வரும். ஒவ்வொரு மூட்டையா மோந்து பார்க்கும். வாலைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்து அடுப்பு மேல ஏறிப் படுத்துக்கும். அதைப் பார்த்துட்டு அப்பா வச்ச பேருதான் சூப்பர்வைசர். மரியாதையோடதான் கூப்பிடுவாரு.

"என்னங்க சூப்பர்வைசர், ஸ்டாக் எல்லாம் சரியா இருக்குங்களா?"

அம்மாவுக்கு இது பிடிக்காது. "பொண்டாட்டியை ஒரு நாளாவது ங்க போட்டுக் கூப்பிட்டிருக்காரா இந்த மனுஷன்? பூனைக்குப் பாரு மருவாதி" அப்படின்னு கரண்டியைப் போட்டு உடைக்கும். ஆனா கருவாடு கழுவுனா தலையை மட்டும் தனியா எடுத்து வைக்கிறதும் அம்மாதான்.

அந்த வருஷம் கேக்கு சீசன் தொடங்கின நேரம். மிஷன் வீடுகள்ல இருந்தும் பள்ளிக்கூட ஹாஸ்டல்ல இருந்தும் ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கு. மூட்டை மூட்டையா மைதா, டின்னு டின்னா திராட்சை, முந்திரி. எலிக்கு அதை விடத் திருவிழா வேற என்ன இருக்கு? அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ரெண்டு நாளாக் காணோம். மூணாம் நாள் மழையில நனைஞ்சு, கழுத்துல ஒரு குழி விழுந்து, நடக்க மாட்டாம வந்து சேர்ந்துச்சு. சோலைக்காட்டுப் பக்கம் காட்டுப்பூனைகூடச் சண்டை போட்டிருக்கணும். காயம் சீழ் வச்சுப் போச்சு. அடுப்பு மேல ஏற முடியலை. கீழ சாம்பல் பக்கத்துல சுருண்டு படுத்துக்குச்சு. நான் தொட்டா உடம்பு கொதிக்குது.

அப்பா அதைப் பிஸ்கட் கூடையில வச்சு, என்னையும் கூட்டிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாரு. டாக்டர் கன்னிவாடிப் பக்கத்துக்காரர். மாடு, ஆடு, மிஞ்சிப் போனா ஏரிக்கரையில சவாரி போற குதிரை, அவ்வளவுதான் அவருக்கு வழக்கம். கூடையைத் திறந்து பார்த்துட்டு எங்களைப் பார்த்தாரு.

"கன்னிவாடிச் சந்தை மாடு அம்பதை வரிசையா நிறுத்துங்க, கண்ணை மூடிக்கிட்டு மருந்து ஊத்துறேன். இந்தப் பூனை சோலி மட்டும் எனக்கு ஆகாதுங்க."

ஆனா நல்ல மனுஷன். சீழைக் கீறி எடுத்துட்டு, கன்னுக்குட்டிக்குக் குடுக்கிற மஞ்ச மாத்திரையைக் குடுத்தாரு. "நாலா ஒடைச்சு, காலையில கால், சாயங்காலம் கால். பத்து நாள். ஒரு வேளை விட்டாலும் உள்ள இருக்கிற விஷம் திரும்ப ஏறிக்கும். அப்புறம் என்கிட்டத் தூக்கிட்டு வராதீங்க, குழி தோண்டிருங்க" அப்படின்னாரு. அந்தக் கடைசி வார்த்தைதான் என் காதுல ஏறுச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கூடையைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டே வந்தேன்.

மாத்திரையை நாக்கு நுனியில வச்சுப் பார்த்தேன். எட்டிக்காய் தோத்துச்சு.

முதல் வழி அம்மாவோடது. பொடி பண்ணிப் பால்ல கலக்குறது. சூப்பர்வைசர் வந்து ஒரு தடவை மோந்து பார்த்துச்சு. அப்புறம் அதுக பீயை மூடுமே, அதே மாதிரி கிண்ணத்தைச் சுத்தித் தரையைப் பிறாண்டிட்டுத் திரும்பிப் போயிருச்சு. அம்மாவுக்கு வந்த கோவத்தைப் பார்க்கணுமே! "நான் வச்ச பாலுக்கு இந்த மரியாதையா?"

ரெண்டாவது வழி அப்பாவோடது. பேக்கரிக்காரருக்கு எல்லா வியாதிக்கும் மருந்து வெண்ணெய்தான். கேக்குக்கு மேல வைக்கிற வெண்ணெய்க் கிரீமைப் பூ மாதிரி பிழிஞ்சு, நடுவுல கால் மாத்திரையைச் சொருகி, தட்டுல வச்சு நீட்டினாரு. சூப்பர்வைசர் நிதானமா நக்குச்சு. பூ காணாமப் போச்சு. தட்டுல மாத்திரை மட்டும் பாலிஷ் போட்ட மாதிரி கெடக்கு. அப்பா விடுவாரா? ரோஜாப்பூ, இலை, கொடி, மறுநாள் ஒரு சின்னத் தாமரையே பிழிஞ்சாரு. கல்யாணக் கேக்குக்குக் கூட அவரு அவ்வளவு வேலை செஞ்சதில்லை.

அப்புறம் முந்தின வாரச் சந்தையில வாங்கி வச்சிருந்த நெத்திலிக் கருவாடு. தலைக்குள்ள மாத்திரையைத் திணிச்சோம். வாலைத் தின்னுட்டுத் தலையை விட்டுருச்சு. அதுக்கு ஜென்மத்துலயே பிடிச்ச தலையை!

கடைசியா பலாத்காரம். காலி மைதாச் சாக்குல கழுத்து வரைக்கும் சுத்தி, அப்பா அடுப்புக் கையுறையை மாட்டிக்கிட்டுப் பிடிக்க, அம்மா வாயைத் திறக்க, நான் மாத்திரையை உள்ள தள்ளணும். தள்ளினா நுரை நுரையாக் கக்கும். சோப்புத் தண்ணியைக் குடிச்ச மாதிரி மோவாய் எல்லாம் வழியும். பார்க்கப் பாவமா இருக்கும். ஒரு வேளை கக்காம அமைதியா இருந்துச்சு. "முழுங்கிருச்சு, முழுங்கிருச்சு!"ன்னு மூணு பேரும் குதிச்சோம். அது சாக்கை விட்டு எறங்கி, நாங்க குதிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, மூட்டைச் சந்துக்குள்ள போயி, துப்பிட்டு வந்து உட்கார்ந்துச்சு.

துப்புனதைத் தேடிப் பொறுக்குறது என் சோலி. ஒரு மத்தியானம் டார்ச் எடுத்துக்கிட்டு மூட்டைச் சந்துக்குள்ள புகுந்தேன். தரையில மஞ்சள் கால் துண்டு மூணு கெடந்துச்சு. பொறுக்கிட்டு நிமிர்ந்தா, அடுப்புச் சுவத்துல செங்கல் பெயர்ந்த ஒரு ஓட்டைக்குள்ள வெளிச்சம் விழுந்துச்சு. உள்ள வெள்ளை வெள்ளையா, முழு மாத்திரை. கையை விட்டு அள்ளினேன். ஒரு கை நிறைய இருந்துச்சு.

பூனைக்கு வெள்ளை மாத்திரை நாங்க குடுக்கவே இல்லை. அப்படியே குடுத்திருந்தாலும் என் நெஞ்சு உயரத்துல இருக்கிற ஓட்டைக்குள்ள அது எப்படிக் கொண்டு போயி வைக்கும்?

அந்த வெள்ளை மாத்திரையை எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரைன்னு மதுரையில டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. தினமும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல அம்மா ஒண்ணு எடுத்து வைக்கும். அப்பா வாயில போட்டுக்கிட்டு, தண்ணி குடிச்சுட்டு, "மாவு பொங்கிரும்"னு சொல்லி வெரசா உள்ள போவாரு. இப்பத்தான் தெரிஞ்சுச்சு மாவு எங்க பொங்குச்சுன்னு.

திரும்பிப் பார்த்தா அப்பாவே நிக்கிறாரு. கையில மாவு, முகத்துல மாவு. என் கையில இருக்கிறதைப் பார்த்துட்டுக் குழந்தை மாதிரி முழிச்சாரு.

"அம்மாகிட்டச் சொல்லிராத தாயி."

"ஏம்ப்பா துப்புறீங்க?"

அவரு ஒரு மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டாரு. "பேக்கரிக்காரனுக்குச் சர்க்கரைன்னு வெளியில தெரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? அவன் சுட்டதைத் தின்னு அவனுக்கே வியாதி வந்துருச்சுன்னு சொல்லும். அப்புறம் எவன் நம்ம கேக்கை வாங்குவான்? மாத்திரை போட்டாத்தான வியாதி. போடலைன்னா ஒண்ணும் இல்லை. நல்லாத்தான இருக்கேன்."

அந்த வயசுல எனக்கு இது ரொம்பச் சரியான பேச்சாத்தான் பட்டுச்சு. இப்ப நெனச்சா பகீர்னு இருக்கு. முப்பத்தாறு வயசு மனுஷன், இவ்வளவு பெரிய அடுப்பைக் கட்டி மேய்க்கிறவரு, அவருக்குத் தெரிஞ்ச ஞானம் அவ்வளவுதான். நான் சரின்னு தலையாட்டினேன். டின்னுல இருந்து கேக்கு ஓரம் ரெண்டு கை நிறைய கிடைச்சுச்சு. அன்னையில இருந்து எங்க வீட்டுல மாத்திரை துப்புறவங்க ரெண்டு பேரு, அதை மறைக்கிறவ ஒருத்தி.

அஞ்சாம் நாள் சூப்பர்வைசர் தலையைத் தூக்கலை. தண்ணி குடிக்கலை. மைதா மூட்டை ஒண்ணுல எலி ஓட்டை போட்டு மாவு கொட்டிக் கெடந்துச்சு. கண்ணு முன்னாடி எலி ஓடுது, அது பார்த்துக்கிட்டே படுத்திருக்கு. அம்மா கூட ஒண்ணும் திட்டலை. "பாவம், விட்டுருங்க, நிம்மதியாப் போகட்டும்"னு சொல்லுச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் கேக்கு குடுக்கப் போன அப்பாகூட நானும் நடந்தேன். அந்தக் கோயில்ல நின்னா கீழ பழனி மலை தெரியும்னு சொல்லுவாங்க. அன்னைக்கு என் கையே எனக்குத் தெரியலை, அப்படி ஒரு மூட்டம். பழனி எந்தப் பக்கம்னு தெரியாம, குத்துமதிப்பா ஒரு பக்கம் திரும்பிக்கிட்டு, வாய் விட்டே வேண்டிக்கிட்டேன்.

"முருகா, எங்க சூப்பர்வைசரைப் பிழைக்க வச்சிரு. பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கிறேன். பூமுடி இல்லை, முழு மொட்டை."

பொம்பளைப் பிள்ளைக மூணு கொத்து வெட்டிக் குடுத்தாப் போதும், அதுதான் பூமுடி. எனக்கு அது தெரியும். முருகன் வேற யாருக்காவது முந்திக் குடுத்துருவாருன்னு பயந்துதான் கூட்டிக் கேட்டேன். அப்பா வெளிய செருப்பு விட்ட இடத்துல கேக்கு டப்பாவோட நின்னாரு. மூட்டத்துல அவரோட பழுப்புக் கம்பளிக் குல்லா மட்டும் மங்கலாத் தெரிஞ்சுச்சு. தூரமா நிக்கிறாருன்னுதான் நெனச்சேன்.

"என்ன வேண்டிக்கிட்ட தாயி?"

"சொன்னாப் பலிக்காதுப்பா."

"அதுவும் சரிதான்" அப்படின்னு நடந்தாரு.

ஒண்ணு கவனிச்சீங்களா? அப்பா மாத்திரை போடலைன்னு ஊருலயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும், சாமி முன்னாடி நின்னப்ப, அவருக்காக வேண்டிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. ஒரு நிமிஷம் கூடத் தோணலை. பூனைக்கு மட்டும்தான் கேட்டேன். இதுதான் நான் உங்ககிட்ட ஒளிச்சு வச்ச சங்கதி.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி சாக்கு, மறுபடி கையுறை. இந்தத் தடவை நான் மாத்திரையைத் தள்ளி, வாயை மூடிப் பிடிச்சேன். சாக்குல ஒட்டியிருந்த மைதா சூப்பர்வைசர் மூக்கு மேல எல்லாம் அப்பிக்குச்சு. அப்பாவுக்கு ஒரு பழக்கம், எது மேல மாவு இருந்தாலும் ஊதிவிடுவாரு. பாத்திரம், கல்லாப்பெட்டி, என் நோட்டு, எதுவா இருந்தாலும். குனிஞ்சு அதோட மூக்குல "பூ"ன்னு ஊதினாரு. சூப்பர்வைசர் திடுக்குன்னு கண்ணை மூடுச்சு. நான் பிடிச்சிருந்த தொண்டை என் விரலுக்குக் கீழ ஒரு ஏறு ஏறி எறங்குச்சு. நான் பயந்து அந்தத் தொண்டையைத் தடவிக் குடுத்தேன். கையை எடுத்ததும் நாக்கு வெளிய வந்து, மூக்கை ஒரு நக்கு நக்கிட்டு உள்ள போச்சு.

வாயைத் திறந்து பார்த்தோம். கன்னத்துக்குள்ள விரலை விட்டுப் பார்த்தோம். மாத்திரை இல்லை!

அடியே, கேட்டவளே, இதுதான் வழி. துண்டுல சுத்து. மாத்திரையை நாக்கு மேல நடுவுல வை, ஓரத்துல வச்சா கன்னத்துல ஒதுக்கிக்கும். வாயை மூடு. மூக்குல மெதுவா ஊது. தொண்டையை மேல இருந்து கீழ தடவு. நாக்கு வந்து மூக்கை நக்குனா உள்ள எறங்கிருச்சுன்னு அர்த்தம். நக்குற வரைக்கும் நம்பாத.

டாக்டர் சொன்ன பத்து நாளை அன்னையில இருந்து திரும்ப எண்ணினோம். வெள்ளனே ஒண்ணு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒண்ணு, அப்பா ஊத, நான் தடவ, ஒரு வேளை கூடத் தப்பலை. நாலாம் நாள் கஞ்சித்தண்ணி குடிச்சுச்சு. ஆறாம் நாள் எந்திரிச்சு ஒரு மூட்டையை மோந்து பார்த்துச்சு. கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி அடுப்பு மேல ஏறிப் படுத்துக்கிட்டு எங்களைக் கீழ பார்த்துச்சு. அப்பா கும்பிடு போட்டு, "வாங்க சூப்பர்வைசர், லீவு முடிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டாரு. நான் சந்தோஷத்துல அழுதே போயிட்டேன்.

அப்புறம்தான் கடன் ஞாபகம் வந்துச்சு. முருகன்கிட்ட வச்ச கடன். அதை அடைக்காம விட்டா என்ன ஆகும்? பூனையைத் திரும்ப எடுத்துக்குவாரு. அரையாண்டு லீவு முடியுறதுக்குள்ள போயாகணும். அம்மா எனக்கு எண்ணெய் தேச்சுத் தலை வாரிக்கிட்டு இருந்துச்சு. என் முடி அப்ப இடுப்பு வரைக்கும். அம்மாவுக்கு அதுல ஒரு கர்வம்.

"அம்மா, பழனிக்குப் போகணும். மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன்."

சீப்பு நின்னு போச்சு. "என்னடி சொல்ற? யாரைக் கேட்டு வேண்டின? யாருக்காகடி?"

பூனைக்குன்னு சொன்னா அறை விழும். அறை கூடப் பரவாயில்லை, போகவே விடமாட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்துச்சு. திடீர்னு அதோட கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு.

"அப்பாவுக்காகவாடி?"

"ம்" அப்படின்னேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு "ம்". அம்மா என்னை இழுத்து நெஞ்சோட சேர்த்துக்கிட்டு "என் ஆத்தா, என் ஆத்தா"ன்னு அழுதுச்சு. எண்ணெய்த் தலையெல்லாம் அம்மா சேலையில ஒட்டிக்கிச்சு. நான் அழுதது வெக்கத்துல. அம்மா அதையும் பாசம்னு எடுத்துக்கிச்சு.

சாயங்காலம் அம்மா அப்பாகிட்டச் சொல்றது சுவர் வழியா எனக்குக் கேட்டுச்சு. "உங்களுக்காக முடி குடுக்கப் போகுதாம் உங்க மக." அப்பா "எனக்காகன்னா சொல்லுச்சு?"ன்னு கேட்டாரு. "பின்னே வேற யாருக்காம்?" அப்பா அடுப்புக் கதவை மூடுற சத்தம் கேட்டுச்சு. "சரி, கூட்டிட்டுப் போவோம்" அப்படின்னாரு.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல மாத்திரை. அப்பா எடுத்து வாயில போட்டாரு, தண்ணி குடிச்சாரு. எந்திரிக்கலை. என்னைப் பார்த்து வாயை ஆன்னு திறந்து காட்டினாரு. நாக்கைத் தூக்கியும் காட்டினாரு. அம்மாவுக்கு ஒண்ணும் புரியலை. "என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்?"

பழனி பஸ்ல ஒவ்வொரு வளைவுக்கும் நான் வாந்தி எடுத்தேன். அடிவாரத்துல மொட்டைக் கொட்டகையில தலையில தண்ணி தெளிச்சப்ப மேல இருந்து கீழ வரைக்கும் நடுங்கிட்டேன். கத்தி போற சரசர சத்தம் இன்னும் காதுல இருக்கு. மடியில ஜடை ஜடையா விழுது, அம்மா முகத்தைத் திருப்பிக்கிச்சு. அப்பா மட்டும் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாரு. சந்தனம் பூசுனப்ப ஐஸ் வச்ச மாதிரி இருந்துச்சு. மலை ஏறிக் கும்பிட்டுட்டு எறங்கினப்ப அம்மா பஞ்சாமிர்தத்தை ஒரு விரல்ல எடுத்து அப்பா வாய்கிட்ட நீட்டுச்சு. "பிரசாதம்தானங்க, இதுல சர்க்கரை ஏறாது." அப்பா குனிஞ்சு அந்த விரலைத் தன்னோட கண்ணுல ஒத்திக்கிட்டு, என் வாயில ஊட்டச் சொல்லிட்டாரு. அவரு இனிப்பை வேணாம்னு சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொடைக்கானல்ல பஸ் எறங்கினப்ப மொட்டைத் தலையில பனிக்காத்து ஊசி மாதிரி ஏறுச்சு. அப்பா தன்னோட கம்பளிக் குல்லாவைக் கழட்டி என் தலையில மாட்டிவிட்டாரு. மூக்கு வரைக்கும் எறங்குச்சு. வீட்டுக்கு ஓடுனேன், முதல்ல சூப்பர்வைசர்கிட்டக் காட்டணும்னு. குல்லாவைக் கழட்டிக் குனிஞ்சேன். யாருக்காக முடியைக் குடுத்தேனோ அது என்னைப் பார்த்து முதுகைத் தூக்கி, வாலைப் பிரஷ்ஷாக்கி, உஸ்ஸுன்னு சீறிட்டு மூட்டைச் சந்துக்குள்ள ஓடிருச்சு. ரெண்டு நாள் என் பக்கமே வரலை. நன்றி கெட்ட கழுதை!

பாக்கி உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு "மொட்டை, மொட்டை"ன்னு குல்லாவைப் பிடுங்கிட்டு ஓடினவ யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவ இப்ப இந்தக் குரூப்புக்கு அட்மின். பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட எங்கம்மா எல்லாத்தையும் கொட்டியிருந்துச்சு. அவங்க அசெம்பிளியில என்னை மேடைக்கு ஏத்தி, "அப்பாவோட சுகத்துக்காக இந்தப் பிள்ளை தன் முடியையே காணிக்கையாக் குடுத்திருக்கா"ன்னு சொன்னாங்க. நீங்க கை தட்டினீங்க. குல்லாவைப் பிடுங்கினவ அழுதுக்கிட்டே கொண்டு வந்து குடுத்தா. அடியே, அன்னைக்கு நீ அழுத அழுகைக்கு இன்னைக்கு மன்னிச்சிரு.

அந்த ஒரு நாள்ல அப்பாவுக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. எதை மறைக்க அவரு சுவத்துல ஓட்டை தேடினாரோ, அது என் "ம்"னால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு. கடைக்கு வர்றவங்க எல்லாம், "உங்க மக உங்களுக்காக மொட்டை போட்டுச்சாமே, சர்க்கரையா உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் உள்ள கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். அப்பா கேக்கைத் தாள்ல சுத்திக்கிட்டே, "ஆமாங்க, எனக்காகத்தான். மாத்திரை ஒழுங்காப் போடுறேன்"னு சொல்லுவாரு. ஒருத்தரும் கேக்கு வாங்குறதை நிறுத்தலை. ரெண்டு மூணு பேரு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுலயும் இருக்குங்க, வெளிய சொல்லலை"ன்னு அப்பா காதுல சொல்லிட்டுப் போனாங்க.

சூப்பர்வைசர் அதுக்கப்புறம் எட்டு வருஷம் ஸ்டாக் பார்த்துச்சு. அப்பா அந்த வெள்ளை மாத்திரையை ஒரு வேளை விடாமப் போட்டாரு. போட்டுட்டு என்கிட்ட நாக்கைக் காட்டுவாரு. நான் வேலைக்குப் போயி, கல்யாணம் ஆகி, லீவுக்கு வந்தாலும் காட்டுவாரு. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ள குத்தும். என் பொய்யை நம்பி இந்த மனுஷன் மாத்திரை முழுங்குறாரே, சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னா நிறுத்திருவாரோன்னு பயம். சொல்லலை.

அவருக்கு எழுபத்தொம்பது வயசுல பக்கவாதம் வந்துச்சு. அம்மா முன்னாடியே போயிருச்சு. நான்தான் கூட இருந்தேன். பேச்சு குழறும், முழுங்கச் சிரமம். ஒரு நாள் காலையில தலையணையை எடுத்து உதறினா, கீழ ரெண்டு மாத்திரை கெடக்கு. நாப்பது வருஷத்துக்கு மேல ஒழுங்கா இருந்த மனுஷன் மறுபடி கன்னத்துல ஒதுக்க ஆரம்பிச்சிருக்காரு.

"அப்பா, என்னங்கப்பா இது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்குக் கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சால்வையை எடுத்துக் கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுத்தினேன். மாத்திரையை நாக்கு நடுவுல வச்சு, ஒரு கரண்டி தண்ணி ஊத்தி, வாயை மூடினேன். அப்புறம் என்ன செய்யிறோம்னு தெரியாமலே குனிஞ்சு அவரு மூக்குல ஊதினேன். தொண்டையை மேல இருந்து கீழ தடவினேன்.

எறங்குச்சு.

அப்பா என்னையே பார்த்தாரு. வாய் ஒரு பக்கமாக் கோணிச்சு, சிரிக்கிறாருன்னு தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"செருப்புப் பக்கத்துலதான் நின்னேன் தாயி."

"எங்கப்பா?"

"குறிஞ்சியாண்டவன் கோயில்ல. நீ சத்தமாத்தான வேண்டின."

கட்டில் ஓரத்துல உட்கார்ந்துட்டேன்.

"தெரிஞ்சேவாப்பா? தெரிஞ்சேவா ஊரு பூராவும் எனக்காகத்தான்னு சொன்னீங்க?"

"பின்னே? பூனைக்கு மொட்டை போட்டவன்னு என் பிள்ளையை ஊரு சிரிக்கவா?"

"அப்ப மாத்திரை?"

ஒவ்வொரு சொல்லாத் தேடி எடுத்தாரு. "அவ்வளவு முடி... போயிருச்சே. எனக்காகன்னு... ஆக்கிரலாம்னுதான்."

நான் அவரு மடியில தலையை வச்சு, அந்தக் கேக்கு சீசன்ல அழ வேண்டிய அழுகையை எல்லாம் அழுதேன். வராத கையை விட்டுட்டு, வர்ற கையால என் தலையைத் தடவினாரு. தடவி முடிச்சு, மோவாயைத் தூக்கி, என்னைப் பாருன்னு சைகை காட்டினாரு. பார்த்தேன். மெதுவா நாக்கை வெளிய நீட்டி, வளைச்சு, மூக்கைத் தொடப் பார்த்தாரு.